பிரேக் பார்க்க வருகிறவர்

பிரேக்கை இறுக்கிவிட்டு அவரே ஏறி உட்கார்ந்துகொள்கிறார். கால் இரண்டையும் தட்டில் வைத்து, முதுகைச் சாய்த்து, இப்படியும் அப்படியும் ஆடிப் பார்க்கிறார். பிறகு பிரேக்கை விடுவித்து, சேவைச் சங்கக் கட்டடத்தின் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ஒரு சுற்று வருகிறார். இடது சக்கரம் லேசாக முனகுகிறது. இறங்கி, எண்ணெய் விட்டு, மறுபடி ஏறி, இன்னொரு சுற்று. அறுபத்தேழு வயது மனிதர் காலை பத்து மணிக்குத் தன்னந்தனியாக இப்படி வலம் வருவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவருக்கு வராது. "நாம உக்காந்து பார்க்காததுல இன்னொருத்தர உக்காரச் சொல்றது எந்த ஊர் நியாயம்?" என்பார்.

சங்கத்தில் அவரை மீட்டர் சார் என்பார்கள். மின்சார ஆபீசில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம் சங்கத்தில் சேர்ந்தார். அதே வருடம் சங்கத்தார் ஊர்கூடி நடைப்பயணம் போய், நன்கொடை திரட்டி, நோயாளிகளுக்கு இரவல் கொடுக்க எட்டு சக்கர நாற்காலிகளும் கொஞ்சம் ஊன்றுகோல்களும் வாங்கினார்கள். வாங்கிய அன்று போட்டோவுக்கு நின்றவர்கள் முப்பது பேர். "இதையெல்லாம் யார் பார்த்துக்கிறது?" என்று தலைவர் கேட்டதும் முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடும் வேலை வந்துவிட்டது. கையைத் தூக்கியவர் இவர் ஒருவர்தான். தூக்கிய கை எட்டு வருடமாக இறங்கவில்லை.

அவருடைய நோட்டில் இரவல் வாங்கியவர்களின் பெயர் இருக்காது. 'பச்சை கேட், நாய் குரைக்கும், கடிக்காது.' 'மாடி, படி குறுகல்.' 'மாமியாருக்கு இடுப்பு, மருமகள் நல்ல பெண்.' இப்படித்தான் இருக்கும். பெயரெல்லாம் விண்ணப்பத்தில் இருக்கிறதே, வீட்டுக்குப் போகிறவனுக்கு வழிதானே வேண்டும் என்பது அவர் கட்சி.

மீட்டரைப் பார்த்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுவார். குழந்தை பிறந்த வீடு, பெண் கோபித்துக்கொண்டு வந்த வீடு, ராத்திரியெல்லாம் விளக்கெரித்து நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வீடு எல்லாம் யூனிட்டில் தெரியுமாம். ஆனால் அந்த முப்பத்தொரு வருடத்தில் எந்த வீட்டாரும் அவரை உள்ளே கூப்பிட்டதில்லை. மீட்டர் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும். வரும்போது "மீட்டர்ம்மா!" என்று ஒரு குரல், போகும்போது "பார்த்தாச்சும்மா!" என்று ஒரு குரல். ஊரோடு அவருக்கு இருந்த பேச்சு அவ்வளவுதான். மனைவி இருந்தவரை அது உறைக்கவில்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. மகள் தொலைவில் இருக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள். "என் வீட்டு மீட்டர் சுத்தறதே இல்ல" என்று கூட்டத்தில் ஒருமுறை சொன்னார். சிக்கனத்தைச் சொல்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

நாற்காலியோடு போனால் கதை வேறு. வாசலில் யாரும் நிறுத்துவதில்லை. படுக்கையறை வரை கூட்டிப்போகிறார்கள். "உக்காருங்க சார்" என்கிறார்கள், டீ வருகிறது. சங்க விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும். இவர் வாராவாரம் போகிறார். ஏன் என்று கேட்டால், "பிரேக் பார்க்கணும்" என்று பதில் தயாராக இருக்கும். நன்றாக இருக்கும் பிரேக்கைக் குனிந்து இரண்டு தரம் இழுத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். மீதி முக்கால் மணி நேரம் டீக்கும் பேச்சுக்கும்.

இந்த வருடம் வியாழக்கிழமை நாலு மணி டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்கு. கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மா. அவர் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நீலக் கோடு போட்ட கோப்பை மீட்டர் சாருக்கென்றே ஆகிவிட்டது. கடிகாரக்காரர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, "வாங்க, அஞ்செழுத்து வார்த்தை ஒண்ணு உசிர வாங்குது" என்பார். மீட்டர் சாருக்குக் குறுக்கெழுத்து சுட்டுப்போட்டாலும் வராது. வராத வார்த்தைக்காக இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டைக்காகப் புதன்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், கடிகாரக்காரருக்குக் குணமாகிவிட்டது. ஐந்து வாரமாகக் கைத்தடியோடு நடக்கிறார். ராத்திரி விளக்கு எரிவது நின்றுவிட்டதை மீட்டர் சார் கேட்டருகிலேயே படித்துவிட்டார். உள்ளே போனால் சக்கர நாற்காலியில் மடித்த துணி அடுக்கியிருந்தது. துணியைப் பூப்போல எடுத்துக் கட்டிலில் வைத்தார். பிரேக்கைப் பார்த்தார். துணியைத் திரும்ப அடுக்கினார். நோட்டில் 'உபயோகத்தில்' என்று எழுதினார். ஐந்து வாரமும் அதையே எழுதினார்.

போன கூட்டத்தில் செயலாளர், மருந்துக்கடை நடத்துகிற அம்மா, ஒரு விண்ணப்பத்தை வாசித்தார். லாரி ஓட்டுகிறவர் ஒருவரின் தாயாருக்குக் கால் விழுந்துவிட்டது. உடனே நாற்காலி வேண்டும்.

"ஏதாவது ஒண்ணு திரும்பி வருமா, மீட்டர் சார்?"

"எட்டும் உபயோகத்துல இருக்கும்மா" என்றார். எட்டு வருடத்தில் சங்கத்தில் அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் பொய் அது. மேஜையிலிருந்த பிஸ்கட்டை அன்று அவர் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் கொட்டகைக்கே வந்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. வாசலில் நின்று, "சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேங்கய்யா" என்றார்.

"ஒண்ணும் வரலயேப்பா."

"நான் வீட்ல இருந்தா தூக்கிட்டுப் போயி ஜன்னலோரமா உக்கார வெச்சிடுவேன். ட்ரிப் போனா ரெண்டு நாளும் அம்மா படுக்கையிலயேதான். பக்கத்து வீட்ல சாப்பாடு குடுப்பாங்க, இல்லேங்கல. தூக்க யாரு இருக்கா? திரும்பி வந்தா, 'தெருவுல யாராரு போறாங்கன்னு சொல்லுடா'ன்னு என்னையே கேக்குதுங்கய்யா."

மீட்டர் சார் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியை மூடினார். சரியாக மூடவில்லை, சட்டைப்பையில் வைத்ததும் பையெல்லாம் எண்ணெய். "வீடு எங்க இருக்கு?" என்று கேட்டு, வழியை நோட்டில் குறித்துக்கொண்டார். "சாயங்காலம் கொண்டுவரேன். அம்மாவுக்குத் தலை சீவி ரெடியா வையி" என்றார்.

டைப்பிஸ்ட் அம்மா கதவைத் திறந்துவிட்டுத் திகைத்தார். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையாச்சே?"

"வீல்சேர எடுத்துக்கலாம்னு வந்தேம்மா. சாருக்குத்தான் இனிமே தேவைப்படாதே."

"அப்பாடா!" என்றார் அந்த அம்மா, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். "நாங்களே சொல்லணும்னு இருந்தோம் சார். நீங்க வாராவாரம் 'இருக்கட்டும், இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனீங்களா, சரி, சங்கத்துல ஏதோ கணக்கு இருக்கும்னு விட்டுட்டோம். பாவம், இந்த வெயில்ல பிரேக் பார்க்க இவ்ளோ தூரம் அலைய விடறாங்களேன்னு இவர்கிட்ட தினம் புலம்புவேன். வியாழக்கிழமையானா நாங்களும் எங்கயும் நகர முடியல. இனிமே உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. துணியை எடுத்து வைத்தார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை.

"டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா, ஒரு அம்மா காத்திட்டிருக்காங்க."

கடிகாரக்காரர் கைத்தடியோடு கூடத்து நிலை வரை வந்தார். "இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். நாற்காலி திரும்புகிற எல்லா வீட்டிலும் மனதாரத்தான் சொல்வார்கள். முன்பு ஒரு தடவை அதை நம்பி, பச்சை கேட் வீட்டுக்கு வெறுங்கையோடு போய் நின்றிருக்கிறார். நாய்கூடக் குரைக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் வெளியே வந்து, "ஏன் சார், ஏதாவது திருப்பித் தர மறந்துட்டோமா?" என்று கேட்டார்.

"வரேன் சார், கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் படியிறக்கினார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இந்த மாத விண்ணப்பங்களில் லாரிக்காரர் வீடும் மாடி வீடு ஒன்றும் இருக்கின்றன. அங்கேயும் டீ கிடைக்கும். ஆனால் வியாழக்கிழமைச் சண்டை கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

கேட்டருகே வந்ததும் நின்றார். நாற்காலிக்குப் பிரேக் போட்டார். சுவரிலிருந்த மீட்டரின் கண்ணாடியை எண்ணெய் படாத கைக்குட்டை முனையால் துடைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்து, நோட்டில் அந்த வீட்டுக்கு நேரே எழுதினார். பிறகு நோட்டை மூடி, சாத்தியிருந்த கதவைப் பார்த்து, பழைய குரலில் உரக்கச் சொன்னார்:

"பார்த்தாச்சும்மா!"