எண்ணெய் குடித்த காமிரா

ஐரோப்பா பக்கத்து ஓட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. படுக்கப் போகிறவர்கள் பூட்ஸைக் கழற்றி அறை வாசலில் வைத்துவிடுவார்கள். காலையில் அது மெருகேறி அங்கேயே உட்கார்ந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தடவை வேலையாக ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போனபோது அறைக் கதவைத் திறந்தேன். தாழ்வாரம் நெடுக வாசலுக்கு வாசல் ஒரு ஜோடி. நம் ஆம்பூரில் ஒரு வீட்டின் முன் இத்தனை செருப்பு கிடந்தால் உள்ளே கல்யாணம், இல்லையென்றால் சாவு. மேளச் சத்தம் கேட்கவில்லை. ஆகவே நானும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, முகத்தை இழவு வீட்டுக்குத் தகுந்தபடி தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு மாடிப்படி இறங்கினேன். கீழே இருந்த ஆள் என் முகத்தைப் பார்த்தான், பாதங்களைப் பார்த்தான், உள்ளே போய், குளிரில் பாதத்துக்குச் சூடு வைக்கிற ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பிக்கொண்டுவந்து கையில் கொடுத்தான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறந்தவருக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

லண்டனில் எனக்கு உத்தியோகம், நம் ஊர்த் தோலுக்கு வக்காலத்து வாங்குவது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோல் கப்பலேறி இங்கே வந்து, பல நகரங்களுக்குப் பிரிந்து போகிறது. காட்டிய மாதிரி வேறு, வந்து சேர்ந்தது வேறு என்று எங்கிருந்தாவது புகார் வந்தால் கம்பெனியார் என்னை ரயிலேற்றிவிடுவார்கள். நான் போய்க் கட்டைப் பிரித்து, தோலை மடித்து, முகர்ந்து, விரலால் நீவி, தலையை ஆட்டிவிட்டு வருவேன். சிறு வயதிலிருந்து ஆம்பூர் மண்டியில் தோலைத் தரம் பிரித்ததுதான் என் படிப்பு. வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும், ரயில் மறுநாள்தான். அந்த மிச்சப் பொழுதுக்காக ஒரு காமிரா வாங்கினேன். மூடினால் ஜெபப்புத்தகம்போல் கைக்கு அடங்கும். திறந்தால் தோலால் செய்த துருத்தி மடிப்பு மடிப்பாக விரிந்து, மூக்கை முன்னால் நீட்டும்.

பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவி எஸ்தர் ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. நான் கப்பலேறும்போது அவள் அழவில்லை, நிபந்தனை போட்டாள். "மொதல்ல நீங்க போய்ப் பாருங்க. ஊருங்க எப்டி இருக்குதுன்னு போட்டோ புடிச்சி அனுப்புங்க. அப்பறம் நான் வர்றதா வேணாமான்னு சொல்றேன்." ஆகவே நான் எடுத்த ஒவ்வொரு படமும் ஒரு வழக்கில் சாட்சி. பாலம் அனுப்பினேன், கோயில் அனுப்பினேன், மணிக்கூண்டு அனுப்பினேன். ஒன்றிலும் ஆள் கிடையாது. காரணம் ஆண்ட்வெர்ப் மீன்காரி. காமிராவை அவள் பக்கம் திருப்பினேன், அவள் நிமிர்ந்தாள், கையில் மீன் அரியும் கத்தி. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி மேலங்கியைச் சரிசெய்துகொண்டு சிரித்திருக்கவும் கூடும். நான் கத்தியை மட்டும் பார்த்தேன், இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் மூச்சு வாங்கினேன். அதற்குப் பிறகு ஊர் விழிப்பதற்கு முன்பே எழுந்து, காலித் தெருக்களைத் திருடுகிறவன்போல் படம்பிடித்து வந்தேன். ஆம்பூர் பஜாரில் காமிராவைத் தூக்கினால் பேரம் பேசிக்கொண்டிருப்பவன் பேரத்தை விட்டுவிட்டு முன்னால் வந்து நிற்பான், அவன் எருமையும் வரும். அங்கே கூட்டத்தை விலக்கினால்தான் படம். இங்கே கூட்டம் வருமுன் ஓடினால்தான் படம்.

எஸ்தர் பதில் எழுதினாள். எல்லாம் அழகாக இருக்கிறதாம். அந்த ஊர்களில் ஜனங்களை என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள். பள்ளியில் அவளைத் தலைமை ஆசிரியை ஆக்கப் போகிறார்கள், கோடை விடுமுறைக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனுஷர் நடுவே நீங்கள் நிற்கிற ஒரு படம் அனுப்புங்கள், அதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று முடித்திருந்தாள்.

அடுத்த பயணம் ஹாம்பர்க். புறப்படுமுன் காமிராவைத் திறந்தால், குளிரில் துருத்தி காய்ந்து மடிப்பு ஓரங்களில் மயிரிழை வெடிப்பு. வேறு யாராக இருந்தாலும் கடைக்குக் கொண்டுபோயிருப்பான். காய்ந்த தோலைக் கண்டால் ஆம்பூர்க்காரன் யோசிப்பதில்லை. கை தானாக எண்ணெயைத் தேடும். தலை முழுக எஸ்தர் கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய் இருந்தது. அதை இளஞ்சூடாக்கி மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடியும் தேய்த்தேன். கன்றுக்குட்டியின் காதுபோல் குழைந்தது. இப்படி ஒரு துருத்தி ஐரோப்பாவில் எவனிடமும் இருக்காது என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஹாம்பர்க்கில் நகர மண்டபத்து முன்வெளி. நல்ல ஜன நடமாட்டம். ஒரு பெரியவரை நிறுத்தி, காமிராவைக் காட்டி, அவரைக் காட்டி, என்னைக் காட்டினேன். அவர் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, மீசையை முறுக்கிவிட்டு, எனக்கு முன்னால் கம்பீரமாக நின்றார். என்ன செய்வது, அவரைப் படம்பிடித்தேன். அவர் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அப்போது ஒரு போலீஸ்காரர் நேரே என்னை நோக்கி வந்து கையை நீட்டினார். நான் காமிராவைக் கொடுத்தேன். கேட்காமலே பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், ரயில் டிக்கெட்டைக் கொடுத்தேன், பையில் கிடந்த தோல் மாதிரித் துண்டுகளையும் கொடுத்தேன். மனசுக்குள் நான் அதற்குள் சிறையில் ஜெர்மன் பாஷை கற்றுக்கொண்டிருந்தேன். அவர் காமிராவை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு விசில். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்றுவிட்டார்கள். அவர்களை எனக்கு இருபுறமும் கல்யாண வீட்டுக் குரூப் போட்டோபோல் அடுக்கிவைத்துவிட்டு, பின்னால் வெகுதூரம் நடந்து போய், குனிந்து, ஒரு படம் எடுத்தார். காமிராவைக் கொடுத்து சலாம் வைத்தார். கூட்டம் கலைந்தது. நான் காமிராவை மூடிக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடையைக் கட்டினேன்.

லண்டனில் படம் கழுவித் தருகிறவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கோட்டுகள், கையுறைகள், குடைகள், கால்கள், எல்லாம் தெள்ளத்தெளிவு. காலருக்கு மேலே ஒருவருக்கும் தலை இல்லை, ஒரே இருட்டு. காமிராவுக்குள் உருவம் தலைகீழாக விழுமாம். எண்ணெய் குடித்துக் கனத்த துருத்தி அடியில் தொய்ந்து, சரியாகத் தலைகள் விழும் இடத்தை மறைத்துவிட்டது. வேறு படம் எடுக்க அவகாசமில்லை. அந்த வாரமே கம்பெனியார் சரக்குப் பார்க்க என்னை ஆம்பூருக்கே அனுப்பினார்கள். சாட்சியைக் கையோடு கொண்டுபோனேன்.

ஸ்டேஷனுக்கு எஸ்தரின் தம்பி சாமுவேல் வந்திருந்தான். "வாங்க மாமா. இன்னா, தொப்பி ஜாஸ்தியா இருக்குது, ஒடம்பு கம்மியா இருக்குது?" வீட்டில், போலீஸ்காரர் எடுத்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படத்தை முதலில் பிடுங்கிப் பார்த்தவனும் அவன்தான். "அய்யய்யோ, அந்த ஊரு போலீசு எல்லார் தலையும் வாங்கிட்டான்க்கா!"

எஸ்தர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நான் எண்ணெய்க் கதையைச் சொன்னேன்.

"காமிராவுக்கு எண்ண தேச்சீங்களா? சீயக்காயும் போட்டீங்களா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு ஒரு உருவத்தின்மேல் விரலை வைத்தாள். "இது நீங்க."

"தலையே இல்ல, எப்டி கண்டுபுடிச்சே?"

"எல்லாரும் நிக்கறாங்க. நீங்க மட்டும் ஒரு காலை முன்னால வெச்சி ஓடறதுக்கு ரெடியா இருக்கீங்க."

"போலீஸ்காரர் எதிர்ல எவன் நேரா நிப்பான்?"

"இவங்கெல்லாம் நிக்கறாங்களே. ஆளு வர்றதுக்கு முன்ன தெருவைப் படம்புடிக்கறீங்க, ஆளு வந்தா ஓடறீங்க. அந்த ஊர்ல நீங்களே இன்னும் குடி போவல. நான் வந்து எங்க குடித்தனம் பண்றது?"

"அப்ப நானே இங்க வந்துடட்டா?"

"காலைல வந்து எறங்கினீங்க. அதுல இருந்து திரும்பற ரயில் எப்போன்னு சாமுவேலை எத்தினி வாட்டி கேட்டீங்க, சொல்லுங்க?"

உத்தியோக விஷயமாகத்தான் கேட்டேன் என்றேன். சாமுவேல் கூரையைப் பார்த்தான். எஸ்தர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "நான் பள்ளிக்கூடத்துல சரின்னு சொல்லிடறேங்க" என்றாள். கோபமில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று சொல்கிற குரல்தான். நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

திரும்புகிற அன்று பிளாட்பாரத்தில் அவளே காமிராவை வாங்கினாள். தொய்ந்த மடிப்புக்குக் கீழே தன் கொண்டை ஊசியை முட்டுக்கொடுத்தாள். "இந்த வாட்டி தலை வரும். ஆடாம நில்லுங்க" என்று கிட்டத்தில் வந்து நின்று எடுத்தாள். நான் ஆடாமல்தான் நின்றேன். ரயில்தான் ஆடிக்கொண்டு வந்து சேர்ந்தது.

லண்டனில் கழுவிப் பார்த்தேன். தலை இருக்கிறது, தொப்பி இருக்கிறது, பின்னால் மலை, மேலே ஏகப்பட்ட வானம். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. அது துருத்தியின் குற்றமல்ல. தலைக்குப் பயந்து காமிராவை மேலே தூக்கிவிட்டாள். இரண்டு படங்களையும் என் வாடகை அறையில் முகம் கழுவும் பேசின் வைத்த மேஜைமேல், ஆம்பூர்த் தலையை மேலேயும் ஹாம்பர்க் உடம்பைக் கீழேயுமாகச் சேர்த்துச் சாய்த்துவைத்திருக்கிறேன். எஸ்தர் கிட்டே நின்றாள், தலை பெரிது. போலீஸ்காரர் எட்டி நின்றார், உடம்பு சிறிது. எப்படி வைத்தாலும் கழுத்து சேரவில்லை. அறையைப் பெருக்கவரும் வீட்டுக்காரம்மா இவை யாரோ இருவருடைய படங்கள் என்று நினைத்து, பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போகிறாள். நான் மாலையில் வந்து, மறுபடியும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறேன்.