நீங்கள் எவ்விடம்?

பொன்மலரைக் கோபக்காரி என்று மானிப்பாயில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போகிறவள், பஸ்ஸில் இடம் விட்டுக் கொடுக்கிறவள். ஊருக்குத் தெரிந்த பொன்மலர் அவ்வளவுதான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டால் எத்தனை மாரி போனாலும் அவள் மறக்கமாட்டாள் என்பது கூடவே இருக்கும் தங்கை ரஞ்சினிக்கு மட்டும் தெரியும். றோகானுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனது அவனுடைய கெட்ட காலம்.

றோகானுக்கு அச்சுவேலியில் ஒரு கறித்தூள் ஆலை இருந்தது. தகப்பன் ஞானரட்ணம் தொடங்கியது. தகப்பன் காலத்திலிருந்தே அங்கே ஒபிஸ் வேலையெல்லாம் பொன்மலர்தான். வெளிநாட்டுக்குத் தூள் அனுப்பத் தொடங்கியதும், இன்ரநெற்றில் பெயர் பதிகிறவர்களுக்கு மாதம் ஒரு செய்திமடல் அனுப்பவேண்டும், பெயர் பதிந்த உடனே ஒரு வரவேற்பு ஈமெயிலும் போகவேண்டும் என்று றோகான் எங்கேயோ படித்துவிட்டு வந்தான். முதல் வரவேற்பை அவனே எழுதினான். "மதிப்புக்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி, தகப்பன் மாலையும் கழுத்துமாக நிற்கும் படம், ஆலையின் வரலாறு, வாங்கிய விருதுகள் என்று அது முடியாமல் போய்க்கொண்டேயிருந்தது.

"தம்பி, வீட்டுக்கு வாற ஆளைப் படலையிலை மறிச்சு வைச்சு எங்கடை பரம்பரையை ஒப்புவிக்கிறதே?" என்று பொன்மலர் கேட்டாள்.

அவன் சிரித்தான். "அப்ப நீங்களே எழுதுங்கோ, மலரக்கா."

அவள் எழுதினாள்.

"வாங்கோ, இருங்கோ. நான் பொன்மலர். உங்கடை தூள் வறுபடுற இடத்திலையிருந்து எழுதுறன். மாசத்துக்கு ஒரு மடல் வரும். அதுக்கு மேலை கரைச்சல் தரமாட்டன். அது கிடக்கட்டும், நீங்கள் எவ்விடம்? எழுதுங்கோ, நான் வாசிப்பன்."

இதையும் ஓர் எழுத்து என்று சொல்லலாமா என்று றோகானுக்குச் சந்தேகம். ஆனால் பதில்கள் வந்து குவிந்தன. யாழ்ப்பாணத்தில் 'எவ்விடம்' என்பது சும்மா கேட்டு வைக்கிற கேள்வி அல்ல. அதற்குப் பின்னால் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, ஆருடைய பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம் என்று வரிசையாக வரும். நடுவில் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவர் அகப்படும்வரை கதை முடியாது. எவ்விடம் என்று கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காமல் திரும்புகிறவன் கேளாமலே போயிருக்கலாம். அவ்வளவு அவமரியாதை அது. பொன்மலர் ஒருவரையும் அப்படி விடவில்லை. லண்டனிலிருந்து ஜெயசுதன் என்பவர் "கொடிகாமம், சந்தைக்குப் பின்பக்கம்" என்று எழுதினால், "தையல்கடை ஒழுங்கையோ, அதுக்கு அங்காலையோ?" என்று கேட்பாள். அந்த மனிதர் பிறகு வேறு எவரிடமும் தூள் வாங்குவாரா? தனக்கு வாங்கினார், தமக்கைக்கு வாங்கினார், கூட வேலை செய்கிறவர்களின் தலையிலும் கட்டினார்.

பிறகு றோகான் மதுஷாவைக் கட்டினான். கொழும்பில் விளம்பரக் கொம்பனியில் வேலை பார்த்த பிள்ளை; ஒபிஸைத் தன் கையில் எடுத்தாள். ஒரு நாள் பொன்மலரைக் கூப்பிட்டு இருத்தினார்கள்.

"உங்கடை எழுத்து நல்லம்தான், அன்ரி. ஆனா கொஞ்சம் பழசு. இனி இதெல்லாம் கொம்பியூட்டரே செய்யும்" என்றாள் மதுஷா.

றோகான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்களும் ஓய்வெடுக்கத்தானே வேணும், அக்கா."

கேக் வெட்டினார்கள். ஒரு சேலை கொடுத்தார்கள். படம் எடுத்து, நன்றி என்று எழுதிப் பேஸ்புக்கிலும் போட்டார்கள். மிஞ்சிய கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த பொன்மலர் அதைக் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் ஆசையாகத் தின்றன.

அதோடு முடிந்திருந்தால் அவள் பொறுத்திருப்பாள். ஆனால் பழசு என்று சொன்னவர்கள் புதிதாக என்னத்தை எழுதிக் கிழிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில், ரஞ்சினியின் ஈமெயிலைக் கொடுத்து ஆலையின் மடலுக்குப் பெயர் பதிந்தாள். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்னரே வரவேற்பு வந்துவிட்டது.

"வாங்கோ, இருங்கோ. நான் மதுஷா. உங்கடை தூள் வறுபடுற இடத்திலையிருந்து எழுதுறன்."

பெயர் ஒன்றைத் தவிர ஒரு சொல்கூட மாறவில்லை. அவளுடைய சொல்லாலேயே அவளை வரவேற்றார்கள். வேலை போனதற்கு அவள் அழவில்லை, இதற்கு அழுதாள். அந்தச் சொற்களோடு தன் பெயர் இருக்கவேண்டும், அதை வெட்டியெறிந்தவன் ஒரு நாள் தன் படலைக்கு வந்து நிற்கவேண்டும். இந்த இரண்டையும் தவிர அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

"விடு அக்கா. கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்றாள் ரஞ்சினி.

"அவருக்கு ஆயிரம் வேலை. இதை நான் பாக்கிறன்."

அந்த வாரம் தேவாலயத்தில், குற்றம் செய்தவர்களை மன்னிப்பதைப் பற்றிய ஜெப வரி வந்தபோது பொன்மலர் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ரஞ்சினி முழங்கையால் இடித்தும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வரவேற்புக்குப் பதில் எழுதினாள்: "நான் மானிப்பாய். ஆசுப்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கை." கண்மூடித் திறக்குமுன் மறுமொழி வந்தது. "அருமை! உங்கள் பதில் எங்களுக்கு மகிழ்ச்சி! முதல் ஓடருக்கு விசேட கழிவு!" கீழே கண்ணும் வாயும் வைத்த ஒரு செத்தல் மிளகாய் இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டிருந்தது. பொன்மலர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேள்வியைக் களவெடுத்தவர்கள், பதிலை வாசிக்க ஓர் ஆளை வைக்கவில்லை.

ஆலையின் வாடிக்கையாளர்களுடைய ஈமெயில்கள் பாதி அவளுக்கு மனப்பாடம். நினைத்தால் அன்றைக்கே எல்லோருக்கும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதை நல்ல மனம் என்று எண்ணவேண்டாம். கள்ளி என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் சந்தோஷத்தை றோகானுக்குக் கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை. அவர்களாகவே தேடி வரவேண்டும்.

அதற்குள் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. மிளகாயும் மல்லியும் வாங்கிக் கிணற்றடிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி வறுத்தாள். சந்தியிலிருக்கும் மில்லில் அரைப்பித்தாள். 'பொன்மலர் தூள்' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து, மடலுக்குப் பெயர் பதிய அதில் ஓர் இடமும் வைத்தாள். ஆனால் வரவேற்பை மெசின் அனுப்ப விடவில்லை. போனில் பெயர் வந்து விழுந்ததும், அதைப் பார்த்துத் தன் கையாலேயே அனுப்புவாள். முதலில் பெயர் பதிந்தது ரஞ்சினி. பிறகு ரஞ்சினியோடு படிப்பிக்கும் இரண்டு ரீச்சர்மார். பொன்மலர் காத்திருந்தாள்.

ரொறன்ரோவில் யாகோப்பு என்று ஒருவர், குருநகர் ஆள், கடையில் ஆலைத் தூளை வாங்கி, பைக்கற்றில் போட்டிருந்தபடி மடலுக்குப் பெயர் பதிந்தார். வரவேற்பு போயிற்று. மனிதர் உருகிப்போய் எழுதினார்: "நான் குருநகர். கடற்கரைப் பக்கம் எங்கடை வீடு. அங்கை இருந்த அண்ணை போன கிழமை மோசம் போனார். முகம் பாக்கப் போக முடியேல்லை." உடனே மறுமொழி. அருமை, மகிழ்ச்சி, விசேட கழிவு. மிளகாய் ஆடியது.

யாகோப்பு இரண்டையும் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். "எவ்விடம் எண்டு கேட்டினம், சொன்னன். என்ரை அண்ணை செத்ததுக்கு உவையின்ரை மிளகாய் ஆடுது." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதன் கீழே ஊர்ச் சனம் வந்து கொட்டித் தீர்த்தது. தங்களுக்கும் மிளகாய் ஆடியதென்று ஆளுக்காள் சொன்னார்கள். லண்டன் ஜெயசுதன் கேட்டார்: "முந்திப் பொன்மலர் எண்டு ஒரு அக்கா எழுதுறவ. அவ எங்கை?"

மல்லி வறுத்துக்கொண்டே பொன்மலர் இதையெல்லாம் வாசித்தாள். யாகோப்பை நினைக்கப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரேயடியாக வந்தன, எதையும் அவள் தள்ளிவிடவில்லை. மல்லி கருகிப்போனது. முதலில் யாகோப்புக்கு எழுதினாள்: "அண்ணையின்ரை பேர் என்ன? சேமக்காலைக்கு நான் ஒருக்காப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாறன்." சொன்னபடி அந்தக் கல்லறைக்குப் போகவும் போனாள். பிறகுதான் ஜெயசுதனின் கேள்விக்குக் கீழே, எல்லோருக்கும் தெரிய, ஒரேயொரு வரியைப் போட்டாள்: "நான் இஞ்சைதான் இருக்கிறன்."

சனம் வரத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் "வாங்கோ, இருங்கோ, நான் பொன்மலர்" என்று அனுப்பும்போதெல்லாம் தன் பெயரில் ஒரு கணம் விரலை வைத்து எடுப்பாள். அச்சுவேலியில் ஓடர் குறைகிறது என்று கேள்விப்பட்டபோது ரஞ்சினிக்குக் கவலை. பொன்மலருக்குப் பசி எடுத்தது, இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை பெயர்களுக்கு நடுவில் றோகானின் பெயர் வந்து விழுந்தது. மெசின்தான் வரவேற்கும், ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பான். அவன் வீட்டில் அப்படித்தானே.

பொன்மலர் எழுதத் தொடங்கினாள். கேக், சேலை, பழசு என்ற சொல், மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய முகம், எல்லாம் வந்தது. பக்கம் பக்கமாக வந்தது. "வேண்டாம் அக்கா" என்றாள் பின்னால் நின்ற ரஞ்சினி. பொன்மலர் திரும்ப வாசித்துப் பார்த்தாள். படலையில் வந்தவனை மறித்து வைத்து ஒப்புவிக்கிற வேலையாக இருந்தது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. நான் பொன்மலர். நீங்கள் எவ்விடம் எண்டு நான் கேக்கேல்லை. எனக்குத் தெரியும்."

மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. பிறகு பதில் வந்தது.

"அக்கா, நான் பிழை விட்டிட்டன். மதுஷாவுக்கும் விளங்கியிட்டுது. நீங்கள் இல்லாமல் ஒண்டும் சரிவரேல்லை. ஒருக்கா வந்து கதைக்கலாமோ?"

"பாவம் அக்கா. என்ன எழுதப் போறாய்?" என்றாள் ரஞ்சினி.

பொன்மலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தட்டினாள். "அருமை! உங்கள் பதில் எங்களுக்கு மகிழ்ச்சி! முதல் ஓடருக்கு விசேட கழிவு!" அதன் கீழே அந்த மிளகாயையும் ஆட விட்டாள். அதை அவள் அன்றைக்கே போனில் எடுத்து வைத்திருந்தாள்.