அடையாள அட்டை மாற்றிக் கொடுத்த ரத்தம்

ரத்ததான முகாம் எங்கள் கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நடந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும், எங்கள் லைனிலிருந்து ஐந்து பேர் என்று சூப்பர்வைசர் பட்டியல் போட்டிருந்தார். அதில் ஒருவர் வல்லக்கோட்டைக்காரர். அன்று கிருத்திகை. காலையிலிருந்து விரதம். வெறும் வயிற்றோடு வருபவரிடம் ரத்தம் எடுக்கமாட்டார்கள்.

“சாப்ட்டா சாமி கோச்சிக்கும், போவலன்னா சூப்பர்வைசர் கோச்சிப்பாரு. நீ போய்ட்டு வந்துடு தலைவா,” என்று தன் அடையாள அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். “ரெண்டு பேருக்கும் மீசை கீது. எவன் பாக்கப் போறான்?”

நான் ஒப்பந்தத் தொழிலாளி. அதற்கு முன்பு தென்காசியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிப்பை மூடியதும் படப்பையில் அறை எடுத்து, ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறினேன். ரத்தம் கொடுத்தால் மீதி ஷிப்ட் ஓய்வு. படிவத்தில் அவர் பெயரையும் அவர் கைபேசி எண்ணையும் எழுதினேன். பெயரைச் சரிபார்க்காமல் ஒரு வரிகூட அனுப்பாத கைதான் அது.

இரண்டு மாதம் கழித்து, சாப்பாட்டு மேசையில் அவரே பேச்செடுத்தார்.

“உன் ரத்தத்துக்கு செம டிமாண்டுப்பா. பிளட் பேங்க்ல இருந்து போன் பண்ணிக்கினே கீறாங்க. நேர்ல வா, நேர்ல வான்னு. இன்னாத்துக்குன்னு கேட்டா சொல்ல மாட்றாங்க. இன்னொரு பாட்டில் கேப்பாங்கன்னு நான் எடுக்கறதே இல்ல.”

“எப்ப இருந்துண்ணே?”

“முகாம் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சாங்க.”

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். நன்றி சொல்வதற்காக யாரும் திரும்பத் திரும்ப அழைப்பதில்லை. போனில் சொல்ல மறுக்கப்படுவதுதான் செய்தி என்பது பழைய தொழிலில் கற்றது.

அடுத்த வார விடுமுறையில் ரத்த வங்கிக்குப் போனேன். ஆலோசகர் நடுவயதுப் பெண்மணி. அட்டை மாற்றிய கதையைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

“அப்ப நாங்க இத்தனை நாளா நல்லா இருக்கற ஒருத்தரைத் துரத்திட்டு இருந்திருக்கோம்.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஹெபடைட்டிஸ் சி. கல்லீரலைத் தாக்கும் வைரஸ். முதல் சோதனை, கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் காட்டும். இப்போதும் இருக்கிறதா என்று அறிய இன்னொரு சோதனை வேண்டும். அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றேன். கண்ணின் வெள்ளையைக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். இயந்திரத்தில் கடைந்து வந்த உதிரிபாகத்தின் பளபளப்பில் பார்த்தேன். மஞ்சள் இல்லை. வலி இல்லை. அசதி இருந்தது, ஆனால் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் எல்லோருக்கும் அது இருந்தது. அறையில் ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்த நகவெட்டியை யாரிடமும் சொல்லாமல் குப்பையில் போட்டேன். எங்கே வந்தது, எப்போது வந்தது என்று பின்னோக்கிப் போனேன். சின்ன வயதில் போட்ட ஊசிகள், பிடுங்கிய பல், சலூன் கத்தி. எதையும் உறுதி செய்ய முடியவில்லை.

வைரஸ் இருந்தது. ஸ்கேனில் கல்லீரல் லேசாக இறுகியிருந்தது.

“தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான்,” என்றார் மருத்துவர். “இப்பவே ஆரம்பிச்சா மாத்திரையிலயே போயிடும். நல்லாத்தானே இருக்கோம்னு விட்டவங்கதான் வயிறு வீங்கி வர்றாங்க.”

“போன் வந்தும் வராம விட்ட ரெண்டு மாசத்துல ஏதும் ஆகியிருக்குமா டாக்டர்?”

“ரெண்டு மாசத்துல பெருசா ஆகாது. நீங்க வராமலே இருந்திருந்தா?”

பன்னிரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை. இலவசம்தான். மாலை ஐந்து மணியைத் தேர்ந்தெடுத்தேன். எந்த ஷிப்டிலும் அப்போது விழித்திருப்பேன். இரண்டாம் ஷிப்டில் அது டீ நேரம். வல்லக்கோட்டைக்காரர் மாத்திரையைப் பார்த்துவிட்டார். சொன்னேன். அவர் தன் டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“தொட்டா ஒட்டுமா?”

“ஒட்டாதுண்ணே. ஒண்ணா சாப்பிட்டாலும் ஒட்டாது. ரத்தத்துல மட்டுந்தான்.”

அவர் டம்ளரை மறுபடி அருகில் இழுத்தார். “அந்த போனை என் வூட்ல எடுத்திருந்தா என் கதி இன்னா? என் பேர்லதானே கீது?”

அந்த வாரமே என்னோடு வந்து ரத்த வங்கிப் பதிவைத் திருத்தச் சொன்னார். தானும் சோதித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் சொன்னார்: “அன்னிக்கி நான் ரெண்டு இட்லி துன்னுட்டு போயிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது. முருகன் பாத்துக்கினு தான் கீறான்.” போனை எடுத்திருந்தால் இன்னும் முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று சொல்ல வந்தேன். இருவருக்கும் சேர்த்து ஆட்டோ காசை எடுத்து நீட்டினேன்.

மாத்திரை முடிந்தாலும் காத்திருப்பு முடியவில்லை. கிருமி திரும்ப வரவில்லை என்று உறுதிப்படுத்த இன்னொரு பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு சோதனை. அதற்கும் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். வேலையில் கைபேசி லாக்கருக்குள் இருக்கும். ஒவ்வொரு இடைவேளையிலும் ஓடிப் போய்த் திறந்தேன். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து தவறிய அழைப்பு ஒன்று இருந்தது, என் எண்ணுக்கே. ஷெட்டுக்குப் பின்னால் நின்று திருப்பி அழைத்தேன்.

வைரஸ் இல்லை என்றார்கள்.

“யார் பேர்ல இருக்குன்னு ஒருவாட்டி படிங்க மேடம்,” என்றேன்.

படித்தார். என் பெயர்தான். முன்னெழுத்தையும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன்.