சத்தத்துக்கு அசையாத குட்டி

கூப்பிட்டும் திரும்பாதவனுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? திமிர் பிடித்தவன் என்றா?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் பாஸ்கலுக்கு அந்தப் பெயர்தான். பத்தொன்பது வருடம், காதில் ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லாமல், இரும்பின்மேல் இரும்பு விழும் இடத்தில் நின்றவன். "கூப்டா திரும்ப மாட்ட? அவ்ளோ கொழுப்பா?" என்று சூப்பர்வைசர் அவன் முதுகில் போல்ட்டை விட்டெறிந்த நாளும் உண்டு.

மகள் ஷைனி கால்பந்து ஆடுகிறவள். விடிந்தால் திருவொற்றியூர் கடற்கரையோரம் ஓட்டம்; பாஸ்கல் சைக்கிளில் கூடவே போவான். அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க, ஆடு மேய்க்கும் இனத்து நாய் வேண்டும் என்று ஒரு வருடம் கெஞ்சினாள். தண்டையார்பேட்டையில் நாய்க்குட்டி விற்கும் வெற்றி என்பவனிடம் போனார்கள். ஆறு பார்டர் கோலி குட்டிகள்.

"லாரியும் டிரெய்லரும் ஓடுற ஏரியா. சத்தத்துக்குப் பயந்துகினு ஓடுறது நமக்கு ஒத்துவராது" என்ற பாஸ்கல், அதற்கென்றே கொண்டுபோயிருந்த தகட்டுத் துண்டைக் குட்டிகளுக்குப் பின்னால் தரையில் போட்டான். ஐந்து சிதறி ஓடின. முகமெல்லாம் வெள்ளையான ஆறாவது மட்டும் ஷைனியின் ஷூ லேஸை மென்றுகொண்டே இருந்தது.

"இன்னா தில்லு பாத்தியா அண்ணாத்த! சிங்கம்பா இது" என்றான் வெற்றி.

அதையே வாங்கி ராக்கெட் என்று பெயர் வைத்தார்கள். ஓட்டத்தில் குறையே இல்லை. நில் என்றால்தான் நிற்காது. ஒருநாள் டிரெய்லர் முன்னால் பாய்ந்து மயிரிழையில் தப்பியது. பாஸ்கல் செருப்பைக் கழற்றினான். "கூப்டா திரும்ப மாட்ட? அவ்ளோ கொழுப்பா?" அதன்பின் இரண்டு மாதம் செருப்புதான் வாத்தியார்.

குட்டிக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் கால்நடை டாக்டர் ஃபரா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து அவர்களுக்குப் பின்னால் போனார். ஷைனி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் ஏன் திரும்பினாள் என்று பாஸ்கலுக்குப் புரியவில்லை.

டாக்டர் கையில் சாவிக்கொத்து இருந்தது.

"பொறவியிலேயே இதுக்குக் காது கேக்காது. இந்த மாதிரி வெள்ளை முகக் குட்டிங்க சிலதுக்கு இப்படி இருக்கும். கையால சைகை காட்டிப் பழக்குங்க, நல்லா கத்துக்கும்." சற்று நிறுத்தி, சத்தமாகக் கேட்டார்: "சார், நீங்களும் திரும்பலையே?"

வெளியே வந்ததும் ஷைனி குட்டியை இறுக்கிக்கொண்டாள். "திருப்பிக் குடுத்துடுவியா நைனா?"

"அப்டீன்னா என்னையும் சேத்துதான் குடுக்கணும்."

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சூப்பர்வைசரின் வார்த்தை ஓரெழுத்து மாறாமல் தன் வாயிலிருந்து வந்ததை நினைத்தான்.

வீட்டில் உட்கார்ந்து, வா என்று கையசைத்தான். ராக்கெட் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தது. வெறுங்கால்தான் என்று தெரிந்தும் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. அவன் கத்தியது எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை. செருப்பு மட்டும் சேர்ந்திருந்தது.

தினமும் கையை நீட்டிக் காத்திருக்கிறான். நேற்று பாதி தூரம் வந்தது.

உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ கூப்பிட்டும் திரும்பாத ஓர் உயிர் இருக்கும். இன்றைக்கே அதன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். திரும்பாவிட்டால் கை ஓங்காதீர்கள், காதைச் சோதிக்க அழைத்துப் போங்கள். அந்த உயிர் ஒரு தொழிலாளி என்றால், செலவை முதலாளியிடம் கேளுங்கள்.