தென்னை போன விளையில் ஆறு குழி கோல்ஃப்

1. திறந்த நாள்

கொடி நட்டு, கேட்டைத் திறந்துவைத்த முதல் நாள் எங்கள் கோல்ஃப் மைதானத்துக்கு வந்தது ஒரு மாடு மட்டும்தான். இரண்டாவது கிரீனின் நடுவில் நின்று நிதானமாக மேய்ந்தது. கிரீன் என்பது குழியைச் சுற்றி, பாய் விரித்ததுபோலக் குட்டையாக வளர்க்கும் புல்தரை. பந்தை உருட்டும் இடம். குளம்பு பதிந்தால் சரிசெய்ய அரைநாள் போகும். நான் ஓடிப்போய் விரட்டுவதற்குள் அது கிரீனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

நான் தேங்காப்பட்டணத்துக்காரன். வளைகுடாவில் கோல்ஃப் கிளப்புகளில் கிரீன்கீப்பராக வேலை பார்த்தவன். அங்கே காலர் வைத்த சட்டை இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். ஊருக்குத் திரும்பி வீட்டில் சும்மா இருந்தபோதுதான் எங்கள் பகுதி டாக்டர் மெர்சி கூப்பிட்டு அனுப்பினார்.

இனயம் போகும் வழியில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு விளை, தென்னந்தோப்பு, இருந்தது. தென்னைகளில் வாடல் நோய் விழுந்து எல்லாவற்றையும் வெட்டவேண்டியதாயிற்று. டாக்டர் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில், அந்த ஊர் நகராட்சி நடத்திய மைதானத்தில் கோல்ஃப் விளையாடியிருக்கிறார். பஸ் டிரைவரும் தபால்காரரும் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்பார்களாம். அப்படி ஒன்று இங்கேயும் வேண்டும், சினிமா டிக்கெட்டைவிடக் கட்டணம் குறைவாக இருக்கவேண்டும், மட்டையும் பந்தும் நாமே கொடுக்கவேண்டும் என்றார். ஆள் வருமென்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் புல் வளர்க்கும் வேலை என்றதும் கை பரபரத்தது. வளைகுடாவில் பெர்முடா என்று பெருமையாகச் சொல்வோமே, அது நம்மூர் அருகம்புல்தான். அதையே பதியன் போட்டேன்.

2. தம்பியின் கெடு

விளையில் பாதி டாக்டரின் தம்பி சாலமனுக்குச் சொந்தம். சென்னையில் கட்டிட காண்ட்ராக்டர். வீட்டுமனையாகப் பிரித்து விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். அக்கா பிடிவாதம் பிடித்ததால் கிறிஸ்துமஸ் வரை பொறுக்க ஒத்துக்கொண்டார். அதற்குள் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் கல் நட்டுவிடுவேன் என்று போனில் சொல்லிவிட்டார். டாக்டர் என்னிடம் வந்து, "பாய், நீங்க புல்லைப் பாத்துக்கிடுங்க. ஆளை நான் பாக்கேன்" என்றார். குரலில் தெம்பு இருந்தது. முகத்தில் இல்லை.

3. மேரி புஷ்பம்

மேரி புஷ்பம் இனயத்தில் பல காலம் மீன் விற்றவர். பையன்கள் மஸ்கட்டுக்குப் போனதும் இனிமேல் கூடை தூக்கக்கூடாது என்று அம்மாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் சுகர் ஏறியது. தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"டாக்டரே, தலையில கூடை இல்லாம நான் ரோட்டுல நடந்தா, புஷ்பத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு ஊரு சொல்லும். சோலி இல்லாம எவளாவது நடப்பாளா?"

டாக்டர் அவரைக் கையோடு என்னிடம் அழைத்துவந்தார். ஒரு பட்டரை, அதாவது பந்தை உருட்டும் மட்டையை, அவர் கையில் கொடுத்து, இந்த ஆறு குழியையும் சுற்றிவருவதுதான் உனக்கு இனிமேல் சோலி என்றார்.

சர்ச்சுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கிரீனில் ஏறினார். முதலில் பந்து குழியைத் தாண்டித் தாண்டி ஓடியது. ரொம்ப நேரம் கழித்து ஒன்று 'டொக்' என்று உள்ளே விழுந்தது. குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். பந்தை எடுத்தார். பழைய இடத்துக்கே போய் மறுபடியும் உருட்டினார். பொழுது சாயும்வரை வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் அவரோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். அந்த வாரமே கூட்டம் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஆண்கள், இந்தப் பெண்கள் எங்கேதான் போகிறார்கள் என்று பார்க்க வந்து, அவர்களும் மட்டையைப் பிடித்தார்கள். பிறகு நாகர்கோவிலிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் வந்தார்கள். டாக்டர் புஷ்பத்துக்கு மாத்திரையைக் குறைத்தார்.

4. சாலமன் வந்த ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாலமன் வந்தார். முந்தின நாள் நல்ல மழை. கூடவே காரில் ஒரு சர்வேயர், அளவு டேப்போடு.

சாலமன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது திருவிழாக் கூட்டம். ரெண்டு மாசத்துல கலைஞ்சிரும்" என்றார்.

இவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்பது மேரி புஷ்பத்துக்குத் தெரியாது. விளையாட வந்தவர் என்று நினைத்துவிட்டார்.

"ஒத்தைக்கா நிக்கியளே, எங்க செட்டுல ஒரு ஆளு குறையுது. வாங்க" என்று பட்டரை நீட்டினார். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டாமென்று சொல்லச் சாலமனுக்குக் கூச்சமாகிவிட்டது. வாங்கிக்கொண்டார்.

முதல் ஐந்து குழியிலும் தோற்றார். ஆத்திரத்தில் ஓங்கி அடிப்பார், பந்து கிரீனைத் தாண்டிப் போய்விடும். "அடிக்காதிய. பைய தள்ளுங்க" என்று புஷ்பம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறாவது குழியில் சாலமன் தள்ளிய பந்து விளிம்பைச் சுற்றிக்கொண்டு போய், கொஞ்சம் யோசித்ததுபோல நின்று, உள்ளே விழுந்தது. தன்னை மறந்து இரண்டு கையையும் தூக்கினார். பெண்கள் கைதட்டினார்கள்.

அதன்பிறகு அவர் நேராகக் காருக்குப் போனார். சர்வேயரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அந்த மனிதர் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறப் போய்விட்டார். சாலமன் திரும்பி வந்து அக்கா பக்கத்தில் நின்றார்.

"யக்கா, அஞ்சாவது குழிகிட்ட தண்ணி தேங்குது. ஒரு ஓடை வெட்டணும். நாளைக்கு ஆளு கூட்டிட்டு வாரேன்."

டாக்டர் அவர் தோளில் கை வைத்து, "சரி மக்கா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனை என்ற பேச்சு அதோடு நின்றது.

இப்போது என்னிடம் வேலைக்குச் சேருபவர்களுக்குப் புல்லைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்வேன். கேட்டில் யாராவது தயங்கி நின்றால் விளையாட்டு விதியும் சொல்லாதே, கட்டணமும் சொல்லாதே. பட்டரைக் கையில் கொடுத்து முதல் கிரீனைக் காட்டு. ஒரு பந்து உள்ளே விழட்டும். மற்றதையெல்லாம் அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.