பிப்ரவரி வரைக்கும்

மெல்போர்னுக்கு வந்த முதல் வருடம் நானும் கணவரும் வரிக்கணக்குப் போடச் சேர்ந்தே போனோம். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனும் அண்ணியும் இருவருக்குமாக ஒரே கணக்குக் கொடுப்பார்கள். அந்த நினைவில், "எங்களுக்கும் ஒண்ணாப் போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

கணக்குப் போட்டுத் தந்தவர், ரோவில் பகுதியில் தன் வீட்டு முன்னறையையே அலுவலகமாக வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் அன்ரி; ஆன்ட்டியைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். "இல்லைப் பிள்ளை, இங்க ஆளாளுக்குத் தனித்தனி. துணையின்ர விவரத்தை மட்டும் கேப்பினம்" என்றார்.

ஐந்தாவது வருடம் அன்ரியிடம் நான் மட்டும் போனேன். அதற்கு இரண்டு வருடம் முன்பே கணவர் வேலை கிடைத்து சிட்னிக்குப் போயிருந்தார். அங்கே டூங்கபி பகுதியில் ஒரு யூனிட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். எனக்கு மெல்போர்னிலேயே, மல்கிரேவில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கொஞ்ச நாளில் நானும் அங்கே போய்விடுவதாகத்தான் பேச்சு. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

குளிர்காலத்தில் ஓர் அறையில் மட்டும் ஹீட்டர் போட்டுக்கொண்டு அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கினேன். சனி, ஞாயிறு யாரோடும் பேசாமல் கழிந்துவிடும். திங்கட்கிழமை வேலையில் முதல் வார்த்தை பேசும்போது குரல் கரகரக்கும். தெரிந்தவர்கள் யாராவது, "அவர் எப்ப வர்றார்?" என்று கேட்டால், "ப்ராஜெக்ட் முடியட்டும்" என்பேன். என்ன ப்ராஜெக்ட் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு அன்ரி கணினியைப் பார்த்தபடி கேட்டார்: "வருசம் முழுக்கத் துணை இருந்தவரோ?"

"இருக்காரு. சிட்னியில."

"வேலைக்காகத் தள்ளி இருந்தாலும் அது துணைதான், பிள்ளை. அவற்ற வருமானம் எவ்வளவெண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

நான் வாசலுக்குப் போய்க் கணவரைப் போனில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் போன வாரமே என்னோடத போட்டுட்டேன்" என்றார்.

"சரி, அதுல என் பேரைப் போட்டிருப்பீங்கல்ல?"

"பிப்ரவரி வரைக்கும்னு போட்டிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. "பிப்ரவரியில என்ன?"

"வீட்டு லீஸை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதப் போறேன்னு சொன்னேன். நீ சரின்னு சொன்ன."

"லீஸுக்குத்தானே சரின்னு சொன்னேன்?"

"நான் அப்படி நினைக்கல" என்றார். குரலில் கோபம் இல்லை. எப்போதோ பேசி முடித்ததை நான் மறந்துவிட்டேன் என்பதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

அந்தத் தொலைபேசிப் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருந்தது. துணி மடித்துக்கொண்டே பேசினேன். ஏன் இரண்டு வருடம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் சரி என்றேன். அதற்குப் பிறகு ஏப்ரலில் அவருக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினேன். மே மாதம் காய்ச்சல் என்றார். மூன்று நாள் காலையும் மாலையும் கூப்பிட்டு விசாரித்தேன். அப்போதெல்லாம் நான் அவருக்கு யார்?

உள்ளே வந்து அன்ரியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அதுவரை யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் வேற வேற மாதிரிப் போட்டால் பிறகு கேள்வி வரலாம். ஆனா உங்களுக்கு எது உண்மையோ அதைச் சொல்லுங்கோ. எப்ப பிரிஞ்சனீங்கள்?"

"எனக்கு இன்னைக்குத்தான், அன்ரி."

"இங்க வரி வருசம் ஜூனோட முடிஞ்சிட்டுது, பிள்ளை. இண்டைக்கெண்டால் அது அடுத்த வருசக் கணக்குக்குத்தான் வரும்" என்றார் மெதுவாக. "போன வருசம் முழுக்க உங்களுக்குத் துணை இருந்ததாத்தான் போடவேணும்."

ஒருவர் விட்டுப் போன பிறகும் இன்னொருவர் மட்டும் கல்யாணத்தில் இருந்துகொண்டிருக்க முடியுமா? "பிப்ரவரின்னே போடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அன்ரி சமையலறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, புட்டும் தேங்காய்ச் சம்பலும் தந்தார். பிறர் கையால் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் விவாகரத்துக்கு விண்ணப்பித்தோம். அதைச் சேர்ந்தே கொடுக்கலாம் என்று கணவர் சொன்னார். தன் பங்குக் கையெழுத்தை அவர் சிட்னியில் போட்டார். நான், உள்ளூர் நூலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் போனேன். அவர் எங்கள் இருவர் பெயரும் இருந்த பக்கங்களைப் புரட்டி, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியை எனக்காகவா, இல்லை வரப்போகிறவருக்காகவா இழுத்துப் போட்டார் என்று தெரியவில்லை. இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்லி உட்கார்ந்தேன்.