குடோன் வட்டமும் என் மருமகளும்

என் மருமகள் குடோனில் பார்சல் கட்டுகிறவள். வாயில்லாப் பூச்சி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேத்திக்கு ஐந்து மாதம். புட்டிப்பாலை வாயில் வைத்தால் துப்பிவிடுவாள், அப்படியொரு பிடிவாதம்! அதனால் மதியம் நான் தூக்கிக்கொண்டு போவேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு மருமகள் உள்ளே ஓடுவாள்.

வந்தது பார் ஒரு வட்டம்! கம்ப்யூட்டர் வரைபடத்தில் குடோனைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டார்கள். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து, வேலை செய்கிறவர்களின் போன் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்குமாம். கோட்டைத் தாண்டினால் உடனே சூப்பர்வைசருக்குத் தகவல். லாரி கோட்டுக்குள் வந்தால் கதவைத் திறந்து வைக்கலாம், சரக்கு களவு போனால் தெரிந்துவிடும், அதெல்லாம் சரி. பால் கொடுக்கப் போனவளும் களவு போன சரக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போனைத்தானே அது பாக்குது? என்கிட்ட குடுத்துட்டுப் போ” என்றாள் பக்கத்து மேசைக்காரி. மருமகளும் கொடுத்தாள். அந்தப் புண்ணியவதி, தலைவலி என்று அரைநாள் லீவு போட்டு, பையில் கிடந்த போனோடு பஸ் ஏறிவிட்டாள்! மருமகள் உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, சூப்பர்வைசரின் திரையில் அவள் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள். குட்டு வெளிப்பட்டது.

“இன்னொரு தடவ கோட்டத் தாண்டினா வேலை கிடையாது” என்றார் சூப்பர்வைசர். அந்த வேலையை விட்டால் எங்களுக்குச் சோற்றுக்கு வழியில்லை. பாலை நிறுத்தினால் பிள்ளை என்ன ஆகும்? நாசமாய்ப் போகட்டும் அந்தக் கோடு என்று வாய் வலிக்கத் திட்டினேன்.

மறுநாள் மருமகள் கேட்டுக்கு உள்ளேயே நின்று, “அத்தை, பிள்ளையக் குடுங்க” என்றாள். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய், சூப்பர்வைசர் அறைக்கு எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

“என்னம்மா இது? குழந்தைய உள்ள கொண்டு வரக் கூடாது!” என்று அவர் பதறினார்.

“வெளிய போகக் கூடாதுன்னீங்க, போகல சார். திரையில பாருங்க, கோட்டுக்குள்ளதான் இருக்கேன். எம் பொண்ணு குடிச்சு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

அடி என் ராசாத்தி! எல்லா மேசையிலும் டேப் ஒட்டும் சத்தம் நின்றுபோனது. மனிதருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் கேட்டில் என்னோடு இன்னும் இரண்டு மாமியார்கள் நின்றார்கள், இடுப்பில் பிள்ளையோடு. காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார்.